முன் அனுபவம்

இக்னேஷியஸ் சார் என் தோளைப் பிடித்தபடி கண் மருத்துவமனைப் படிகளில் ஏறுகிறார், பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பது வருடம் சுத்தியல் பிடித்த கை, இன்னமும் கனக்கிறது, மறுபக்கம் மெஹர் அவருடைய மருந்துச் சீட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு வருகிறாள், அவர் மகன் கனடாவில், கூட வர ஆளில்லை, அப்படிப்பட்டவர்களோடு ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஆள் அனுப்பத்தான் கைத்துணை என்ற நிறுவனத்தை நான் தொடங்கினேன், முதல் வாடிக்கையாளர் அவர், முதல் ஊழியர் மெஹர், கல்லூரி வேலையை விட்டுவிட்டு என் பேச்சை நம்பி வந்தவள், படிகள் முடியவில்லை, இது கனவுதானோ, கண் விழித்தால் மத்தியான வெயில், வேலையில்லாத நாற்பத்திரண்டு வயது ஆளாகத் தரையில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மெஹர் சொல்கிறாள், அது எத்தனை மாதங்களுக்கு முன்போ, சார், இன்னும் ரெண்டு வருஷம் திருச்சியிலயே இருப்போம், கூடப் போற ஒவ்வொருத்தரையும் நானே பாத்துப் பழக்கித்தான் அனுப்புறேன், மதுரைக்கும் கோவைக்கும் போனா யாரை அனுப்புறோம்னே நமக்குத் தெரியாது, நான் சிரிக்கிறேன், பயந்தா தொழில் பண்ண முடியாதும்மா, இரண்டு ஊரிலும் கிளை திறந்தோம், மதுரையில் நாங்கள் அனுப்பிய ஆள் ஒரு வயதான அம்மாவை ஸ்கேன் அறை வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டான், நான்கு மணி நேரம் அந்த அம்மா அங்கேயே நின்றிருந்தார், பிறகு அதுபோல இன்னொன்று, இன்னொன்று, முதலீடு செய்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள், கம்பெனியின் கடைசி நாள் ஊழியர்கள் பத்தொன்பது பேரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள், ஒருவராவது திட்டியிருக்கலாம், மெஹர் மட்டும் கேட்டாள், செவ்வாய்க்கிழமை இக்னேஷியஸ் சாருக்கு செக்கப் இருக்கு, யாரு போறது, கடைசியில் அவளே, வேலையும் சம்பளமும் இல்லாத அந்தச் செவ்வாய்க்கிழமை, போய்வந்தாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

பிறகு நேர்முகத் தேர்வுகள், ஒரே மாதிரி கண்ணாடி அறைகள், சொந்தமா நடத்தினவர், எங்ககிட்ட எத்தனை நாள் இருப்பீங்க என்று ஒரே மாதிரி சிரிப்பு, தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு நோயாளர் சேவைக்கு ஆள் வேண்டும் என்றார்கள், போனேன், கதவைத் திறந்தால் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் மெஹர், அங்கே அந்தப் பிரிவுக்கே அவள்தான் தலைவி, சிரிக்கவில்லை, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை, உங்க கம்பெனி ஏன் நின்னுபோச்சு என்று கேட்டாள், ஏழெட்டு இடங்களில் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிய பதில் ஒன்று இருந்தது, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னேன், சந்தை அதுக்கு இன்னும் தயாராகலை, அவள் தலையைக் குனிந்து ஏதோ எழுதினாள்.

மறுநாள் போனில் அவள் குரல், சார், நான்தான் வேண்டாம்னு எழுதினேன், என் கீழ எப்படி உங்களை வச்சிருக்கிறதுன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சுட்டு, பரவாயில்ல, வரட்டும்னுதான் வந்து உக்காந்தேன், சந்தைன்னு சொல்லிட்டீங்களே சார், எதிர்ல நான் உக்காந்திருக்கேன், குரல் உடைந்தது, நீ எழுதினது சரிம்மா என்றேன், அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது, நல்லா இருங்க சார், அவ்வளவுதான், அதன்பிறகு அவளும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை, கூப்பிட்டு என்ன சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

கரூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில், படுக்கை விரிப்புகளைப் பெட்டியில் போட்டு லாரியேற்றும் பகுதிக்கு மேற்பார்வையாளராக எடுத்துக்கொண்டார்கள், முதல் நாள், பெரிய கூடம், மூச்சில் பஞ்சுத்தூள், சேர்க்கைப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்த எழுத்தர் நிமிராமல் கேட்கிறார், முன்ன எங்கீங்க வேலை பாத்தீங்க, கைத்துணைன்னு ஒரு கம்பெனி, இப்ப இருக்குதுங்களா, இல்லை, ஏனுங்க மூடிட்டாங்க, பழைய பதில் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது, அதை விழுங்கிவிட்டுச் சொல்கிறேன், நான்தான் மூடினேன், கூட இருந்த பொண்ணு வேண்டாம்னு சொல்லுச்சு, நான் கேக்கலை, எழுத்தர் இப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார், பிறகு பேனாவை அடுத்த கட்டத்துக்கு நகர்த்துகிறார், அதெல்லாம் எழுதறதுக்கு இதுல இடமில்லீங்க, ரத்தம் என்ன குரூப்புங்க.