இன்றைய உபயம்: தேசப்பன்

ஜனார்தனனுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையின் ஸ்டோர்ஸில் வேலை. ஹெல்மெட், ஷூ, கையுறை கொடுப்பதும் திரும்ப வாங்குவதும் பதினாறு வருஷமாகச் செய்துவந்தான். ஆனால் கேட்டால் அதைச் சொல்ல மாட்டான். கம்பெனி ஆட்கள் நூற்று நாற்பது பேர் இருக்கும் ‘தினம் மூணு’ வாட்ஸ்அப் குரூப்பின் அட்மின் என்றுதான் சொல்லிக்கொள்வான். காலை ஆறு மணிக்குத் திருவள்ளூரில் கம்பெனி பஸ் ஏறியதும் மூன்று வீடியோ போட்டாக வேண்டும். ஒரு பாட்டு, ஒரு டெக்னாலஜி, ஒரு நாட்டு நடப்பு. போடாவிட்டால் அன்றைக்குச் சூரியன் உதிக்காது என்று நினைப்பு.

ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே, அனுப்பித் தந்தவர் பெயரை ‘இன்றைய உபயம்’ என்று போடுவான். இது அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா ராமபத்ரன் கோயில் கைங்கர்யத்தில் இருந்தவர். அன்றைய பிரசாதம் யார் உபயம் என்று பேரும் கோத்திரமுமாகக் கணீரென்று சொன்ன பிறகுதான் தொன்னையை நீட்டுவார். பேர் சொல்லாமல் கொடுத்தால் அது திருட்டுச் சோறு என்பார். மகன் புளியோதரைக்குப் பதில் வீடியோ விநியோகித்தான். ஜனங்களும் லேசுப்பட்டவர்களா? டியூப் லைட் வாங்கிக் கொடுத்து, வெளிச்சமே தெரியாத அளவுக்கு அதன்மேல் பெயர் எழுதும் ஊர் இது. தன் பெயரைப் பார்ப்பதற்காகவே ஆளாளுக்கு வீடியோ அனுப்பினார்கள்.

அதில் உருப்படியாக அனுப்பியவன் தேசப்பன் ஒருவன்தான். கிரேன் ஆபரேட்டர், ஒன்பது வருஷமாகக் கான்ட்ராக்ட், அடுத்த மாத நிரந்தரப் பட்டியலில் பெயர் இருந்தது. எங்கிருந்து பிடிப்பானோ, ஆந்திரப் பக்கத்துக் கிராமத்தில் யாரோ ஒருவர் வாசித்த தவிலை அனுப்புவான், உள்ளுக்குள் ஏதோ ஆடும். பெரியபாளையத்தில் பஸ் ஏறுவான், ஜனார்தனன் பிடித்து வைத்திருக்கும் ஜன்னலோர சீட்டில் உட்காருவான், ஒரு இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்டபடி போவார்கள். குரூப்புக்கு வந்த பேரில் பாதி தேசப்பன் போட்ட பிச்சை. ஜனார்தனனுக்கும் அது தெரியும்.

ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை நாட்டு நடப்புக்கு ஒன்றும் அகப்படவில்லை. அரசியல் போட்டால் அடிதடி. பஸ்ஸில் தவித்துக்கொண்டிருந்தபோது, தேசப்பன் முந்தின இரவே அனுப்பிய வீடியோ ஒன்று கண்ணில் பட்டது. ஒன்றரை நிமிஷம். அதற்குக் கீழே பன்னிரண்டு விநாடிக் குரல் செய்தி. இயர்போன் பையின் அடியில் கிடந்தது, பக்கத்தில் ஆட்கள் தூங்கினார்கள். சத்தத்தை அடக்கிவிட்டு அரை நிமிஷம் பார்த்தான். அவர்கள் ஆலையின் கிரேன்தான். இரும்புக் கயிற்றின் இழைகள் பிரிந்து சிலும்பி நிற்கின்றன. அந்தக் கயிற்றில் நாலு டன் தொங்கிக்கொண்டு போகிறது. ஜனார்தனனுக்குக் கை துறுதுறுத்தது. நாட்டு நடப்பாவது, நம் வீட்டு நடப்பே வந்துவிட்டது! போட்டான். கீழே, கை பழகிய பழக்கத்தில், ‘இன்றைய உபயம்: தேசப்பன், கிரேன்’ என்று போட்டான்.

பெரியபாளையத்தில் ஏறிய தேசப்பன் உட்காரவில்லை.

“இன்னா சாமி பண்ணிக்கிற? வாய்ஸ் கேட்டியா இல்லியா?”

“வீடியோ பிரமாதம்ப்பா. எல்லாரும் கும்பிடு போடறா பாரு.”

“வாய்ஸ் கேட்டியான்னு கேட்டேன்.”

ஜனார்தனன் போனைக் காதில் வைத்துக் கேட்டான். ‘சாமி, இத்த குரூப்ல போடு. சூப்பர்வைசராண்ட மூணு மாசத்துல மூணு தபா சொல்லிட்டேன், அடுத்த வாரம், அடுத்த வாரம்ன்றான். ஆனா என் பேரு வாணாம் சாமி, உள்ள போன் எடுத்துகினு போனதே தப்பு.’

உடனே அழித்தான். அதற்குள் எழுபத்தெட்டுப் பேர் பார்த்திருந்தார்கள். பார்த்தவர்களில் ஹெச்.ஆர். ஷைனி மேடமும் ஒருத்தி.

அன்று மத்தியானத்துக்குள் கயிற்றை மாற்றிவிட்டார்கள். மூன்று மாதமாக நேரம் கிடைக்காத வேலைக்கு மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. சாயங்காலம் தேசப்பனுக்கு நோட்டீஸ் வந்தது. உற்பத்திக் கூடத்துக்குள் போன் கொண்டு போவது வேலை நீக்கத்துக்குரிய குற்றம். சரக்குச் சீட்டு ஸ்கேன் பண்ண வேண்டியிருப்பதால் ஸ்டோர்ஸ்காரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

மறுநாள் பஸ்ஸில் தேசப்பன் அதைத்தான் பிடித்துக்கொண்டான்.

“உனக்கு போன் அலோவ்டு சாமி. ‘வீடியோ நான் எட்த்தேன், பேரு தப்பா போட்டுட்டேன்’னு ஒரே ஒரு வார்த்த சொல்லு. உன்ன ஒண்ணும் பண்ண மாட்டாங்க. மிஞ்சிப்போனா ஒரு மெமோ. என் ஒம்போது வருசம் பேஜாராயிடும் சாமி.”

“சொல்றேன்டா. நான் பண்ணின தப்புக்கு நான் சொல்லாம யார் சொல்லுவா?”

சொல்லும்போது அவன் நிஜமாகவே அப்படி நினைத்தான். அந்த மட்டும் அவனுக்குச் சாதகமாகச் சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை விசாரணை. ஷைனி மேடம் உட்காரச் சொன்னாள், காப்பி வரவழைத்தாள்.

“உங்க குரூப்பை நிர்வாகத்துல ரொம்பப் பாராட்டினாங்க ஜனார்தனன் சார். அதையே கம்பெனியோட அஃபீஷியல் குரூப் ஆக்கலாம்னு பேச்சு. நீங்களே அட்மின். இது ஒரு ஃபார்மாலிட்டிதான். அந்த வீடியோ தேசப்பன் நம்பர்லேந்துதானே வந்தது?”

தேசப்பன் கேட்ட அந்த ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. கூடவே அந்த மெமோவும் கண்முன் வந்தது, பதினாறு வருஷத்தில் முதல் மெமோ. அஃபீஷியல் அட்மின் என்ற சொல் காப்பியோடு சேர்ந்து இனித்தது. நடுவில் தர்மம் வேறு வந்து நின்றது. பொய் சொல்லலாமா? கைங்கர்யக் குடும்பத்தில் பிறந்துவிட்டு? வருஷம் பூராவும் சரிபார்க்காத வீடியோவை ஊருக்கெல்லாம் அனுப்பியவனுக்கு அன்றைக்குப் பார்த்து உண்மையின்மேல் அப்படி ஒரு பக்தி. கோழையின் கையில் சிக்கினால் உண்மைகூடக் கத்திதான்.

“ஆமாம் மேடம். அவன்தான் அனுப்பினான்.”

கையெழுத்தும் போட்டான். தேசப்பனைக் குரூப்பிலிருந்து எடுத்துவிடும்படி மேடம் சொன்னாள். அதையும் அந்த மேஜையிலேயே செய்தான்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு தேசப்பன் ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வந்தான். கணக்குத் தீர்த்துக்கொண்டு போகிறவன் பொருள்களை ஒப்படைத்து ஸ்டோர்ஸில் கையெழுத்து வாங்க வேண்டும், அது நடைமுறை. ஹெல்மெட், ஷூ, கையுறை, இடுப்பு பெல்ட். எல்லாவற்றையும் துடைத்துக் கொண்டுவந்திருந்தான். ஜனார்தனன் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றாக டிக் போட்டான்.

“நான் உண்மையத்தானே சொன்னேன் தேசப்பா. இல்லாததையா சொன்னேன்?”

“இல்ல சாமி. உண்மதான்.”

“அவா நேராக் கேட்டப்போ நான் என்ன பண்றது?”

தேசப்பன் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். போகத் திரும்பியவன் நின்றான்.

“அந்த வீடியோவ கடசி வரிக்கும் பாத்தியா சாமி?”

“பார்த்தேனே.”

“சவுண்டு வெச்சி?”

ஜனார்தனன் கையுறைகளை எடுத்து மறுபடி எண்ணினான்.

“ஒரு தபா பாரு,” என்று சொல்லிவிட்டு தேசப்பன் கேட்டைப் பார்த்து நடந்தான். கோபித்திருந்தால் தேவலை என்று இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு நாமும் ரெண்டு சொல்லி ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே ஜனார்தனன் இயர்போனை மாட்டிக்கொண்டான். குரூப்பில் அழித்த வீடியோ, தேசப்பன் தனியாக அனுப்பிய வாட்ஸ்அப் சாட்டில் இன்னும் அப்படியே இருந்தது. தேசப்பன் ஷிஃப்ட் முடிந்து ஏணி மேடையிலிருந்து எடுத்திருக்கிறான், கிரேனை வேறு யாரோ ஓட்டுகிறார்கள். ஒரு நிமிஷம் கயிறு, சிலும்பல், தொங்கும் பாரம். பிறகு போன் மெல்லக் கீழே சாய்கிறது. பாரம் போகிற வழியில், நேர் கீழே, முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள். எல்லோரும் போடும் அதே ஹெல்மெட், அதே நீலச் சட்டை, வேறு யார் பார்த்திருந்தாலும் ஆள் தெரிந்திருக்காது. இடது முழங்கையில் மட்டும் வெளிர்நீலத்தில் ஒட்டுத் தையல். அது ஸ்ரீவாணி போட்டது. ஜனார்தனனின் மனைவி.

யந்திர இரைச்சலுக்கு அடியில், இயர்போன் இல்லாமல் கேட்டால் பிடிபடாதபடி, அடித்தொண்டையிலிருந்து, தேசப்பனின் குரல் கேட்டது. “சாமி! அப்பால போ சாமி! டேய் ஜனார்தனா, நவுருடா!” படிகளில் தடதடவென்று யாரோ இறங்கும் சத்தம். படம் கண்டபடி ஆடியது. அந்த ஆட்டத்தின் நடுவே ஒரு கணம் அந்த ஆள் மறுபடி தெரிந்தான். தலைக்குமேல் நாலு டன் கடந்துகொண்டிருந்தது. அவன் கையிலிருந்த போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.