அருள்நாயகியின் சாப்பாடு

எங்கள் வீட்டில் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, எனக்குத்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஆறு வருடமாக வீடு முழுக்க அந்த வருத்தத்தைச் சுற்றித்தான் ஓடியது. ஆனால் இப்போது ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது என் மனைவி அருள்நாயகி. வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மிச்சக் கால் தப்புமா, முழங்காலுக்குக் கீழே அதையும் எடுக்க வேண்டிவருமா என்று இன்னும் தெரியாது. பக்கத்துக் கதிரையில் நான் குத்துக்கல்லுப்போல இருக்கிறேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

எனக்கு வருத்தம் என்று தெரிந்த அன்று நான்தான் பயந்தேன். அவள் பயப்படவில்லை. மறுநாளே மில்லிக்கன் பகுதிக்குப் போய்த் தமிழ்க் கடை கடையாக ஏறி இறங்கினாள். சிவப்பரிசி, குரக்கன் மா, பயறு, வல்லாரை, நல்ல மீன் என்று பை பையாக வந்திறங்கின. எல்லாம் யானை விலை. ரூஜ் பகுதியில் வாங்கிய வீட்டுக்கோ கடன் இன்னும் கிடந்தது. எங்கேயோ இறுக்கிப் பிடித்துத்தான் அவள் சமாளித்திருக்க வேண்டும். எங்கே என்று நான் கேட்கவில்லை. என் சாப்பாட்டுக் கோப்பையில் ஒன்றும் குறையவில்லை.

நான் லேசான ஆளில்லை. குரக்கன் புட்டைக் கண்டாலே என் முகம் கோணும்.

"இதென்னப்பா, மாட்டுக்கு வைக்கிற தவிடே?"

"சாப்பிட்டுட்டு ஏசுங்கோ," என்பாள் சிரித்துக்கொண்டு.

நான் முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பாள். நான் கையைக் கழுவிக்கொண்டு செய்தி பார்க்கப் போய்விடுவேன். அதற்குப் பிறகுதான் அவள் சாப்பிடுவாள். 'நீரும் இரும்' என்று கலியாணமான புதிதில் சொல்லியிருப்பேன். பிறகு சொன்னதாக ஞாபகமில்லை.

இந்த ஊரில் சனி ஞாயிறு என்றால் ஏதாவது ஒரு கொண்டாட்டம் இருக்கும். கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள். வரும்போது கையில் ஒரு பலகாரப் பை தருவார்கள். காருக்குள் ஏறியதும் நான் லட்டுவைத் தேடிக் கையை விடுவேன். அவள் பையைப் பறித்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள்.

"உங்களுக்குக் கூடாது."

"அப்ப எறியும்."

"சாப்பாட்டை எறியிறதே? எனக்கென்ன, வருத்தமே? நான் சாப்பிடுறன்."

இப்படி எனக்குக் கூடாததெல்லாம் அவள் வயிற்றுக்குள் போனது. எனக்கு அப்போது அவள்மேல் எரிச்சல்தான் வந்தது. கொடுத்துவைத்தவள், நினைத்ததைச் சாப்பிடுகிறாள் என்று.

டொக்டரிடம் போகும்போதெல்லாம் கூடவே வருவாள். என் சீனிக் கணக்கைக் கொப்பியில் எழுதுவாள். ஒருமுறை டொக்டர் அவளுக்கும் இரத்தம் சோதிக்க ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். காலையில் வெறுவயிற்றோடு போக வேண்டும். அவளுக்கோ காலை ஆறு மணிக்குப் பேக்கரியில் பொதிசெய்யும் வேலை. போகவில்லை. நான் ஒருநாள் சீனி பார்க்கிற என் மெஷினை நீட்டி, "நீரும் ஒருக்காக் குத்திப் பாருமன்," என்றேன். "உங்கட ஸ்ட்ரிப்பை நான் ஏன் வீணாக்க? அது என்ன விலை விக்குது," என்றாள். நான் மெஷினை மூடி வைத்துவிட்டேன். ஒரு விரலைப் பிடித்துக் குத்த எவ்வளவு நேரம் செல்லும்? அதைத்தான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் மகள் துர்க்கா மொன்றியலில் இருக்கிறாள். போய்வருவதென்றால் அருள்நாயகி விடியவே எழும்பிச் சமைத்துவிடுவாள். வழியில் கடைச் சாப்பாடு வாங்க விடமாட்டாள். காசுக்கும் கேடு, உடம்புக்கும் கேடு என்பாள். போன ஒக்டோபர் நீண்ட லீவுக்கும் அப்படித்தான் வெளிக்கிட்டோம். பெல்வில் வருமுன்பே மூன்று தரம் காரை நிற்பாட்டச் சொன்னாள். மூன்றாம் தரம் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"நாங்கள் மகளிட்டைப் போறமோ, இல்லாட்டி ரோட்டுக்கரையிலை இருக்கிற வோஷ்ரூம் எல்லாத்தையும் பாக்கப் போறமோ?"

"தண்ணி விடாய்க்குதப்பா. குடிச்சால் உடனை வருது. நான் என்ன செய்ய?"

ஆறு வருடத்துக்கு முன் இதே விடாய் எனக்கிருந்தது. நாக்கு வறளும், குடிப்பேன், ஓடுவேன். இதே வார்த்தைகளை டொக்டரிடம் என் வாயால் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் இருந்து அவள் சொன்னபோது எனக்கு உறைக்கவில்லை. மூஞ்சையைத் தூக்கி வைத்துக்கொண்டு காரை ஓட்டினேன்.

கிங்ஸ்டனுக்குக் கிட்ட ஓய்விடத்தில் நிறுத்தினோம். அவள் டிக்கியைத் திறந்து புட்டையும் கறியையும் எடுத்தாள். பக்கத்துக் காரில் இருந்தவர்கள் பார்த்தார்கள். எனக்கு மானம் போனதுபோல இருந்தது. விறுவிறென்று உள்ளே போய் ஒரு பேர்கரும் உருளைக்கிழங்குப் பொரியலும் பெரிய கோக்கும் வாங்கிவந்தேன். வீம்புக்குத்தான். பாதி சாப்பிட்டதும் பயம் பிடித்தது. மிச்சத்தை அவள் பக்கம் தள்ளினேன்.

"காசு குடுத்து வாங்கினதெல்லோ," என்றாள். பேர்கரையும் பொரியலையும் சாப்பிட்டு, கோக்கையும் கடைசித் துளிவரை குடித்தாள். தான் கொண்டுவந்த புட்டை எனக்கு இரவுக்கென்று திருப்பிக் கட்டி வைத்தாள். இரவு அதைச் சாப்பிட்டது நான்தான்.

அந்தப் பயணத்துக்கென்று புதுச் சப்பாத்து ஒன்று மலிவு விலையில் வாங்கியிருந்தாள். அரை அளவு சின்னன். மொன்றியலில் துர்க்காவோடு நடந்து திரிந்ததில் பெருவிரலில் கொப்புளம் வந்து உடைந்தது. வீட்டுக்கு வந்து மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசினாள்.

"நோகுதே?" என்று நான் ஒவ்வொரு நாளும் கேட்டேன். அந்தளவுக்காவது கேட்டேன்.

"ஒண்டும் நோகேல்லை. ஆறிக்கொண்டு வருது."

நோகவில்லை என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் சந்தோஷம். காலில் உணர்ச்சியே செத்துப்போயிருந்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? மூன்றாம் கிழமை காருக்குள் ஒரு மணம் வந்தது. ஏதோ எலி செத்துக் கிடக்கிறது என்று இருக்கைக்குக் கீழெல்லாம் தேடினேன். அவள் மெல்லச் சப்பாத்தைக் கழற்றினாள். பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன.

அவசரப் பிரிவில் தாதி அவளுடைய விரலைக் குத்தினாள். மெஷின் இலக்கம் காட்டவில்லை. அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று மட்டும் காட்டியது. எத்தனை வருடமாக இவவுக்கு இந்த வருத்தம் என்று கேட்டாள். வருத்தம் எனக்கு என்று பதில் சொன்னேன். தாதி என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.

விரல்களை எடுத்தபிறகு சத்திரசிகிச்சை டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். இரத்த ஓட்டம் கொஞ்சம் இருக்கிறது, காலைக் காப்பாற்றப் பார்க்கலாம், ஆனால் சீனி இறங்காவிட்டால் புண் ஆறாது, எடுக்கத்தான் வேண்டிவரும் என்றார். மருந்து பாதி, சாப்பாடு பாதி என்றார். எனக்கு உயிர் வந்தது. சாப்பாடு என்றால் எனக்குத் தெரியாததா? ஆறு வருடப் பழக்கமல்லவா என்று நினைத்தேன்.

அன்று மத்தியானம் உணவு ஆலோசகர் வந்தாள். நிலாணி என்று பெயர். இங்கே பிறந்த பிள்ளை. தமிழ் கதைக்கிற ஆளென்று கண்டதும் எனக்குப் பெரிய ஆறுதல். கட்டில் ஓரத்தில் கதிரையைப் போட்டு ஒரு படிவத்தை மடியில் வைத்தாள்.

"அன்ரி, நீங்கள் இப்ப எப்பிடிச் சாப்பிடுறீங்களெண்டு தெரிஞ்சால்தான் நான் பிளான் போடலாம். ஓகேயா? நோர்மலா காலமை என்ன சாப்பிடுவீங்கள்?"

அருள்நாயகி மருந்து மயக்கத்தில் இருந்தாள். கண்ணை மூடியபடியே சொல்லத் தொடங்கினாள்.

"காலமை குரக்கன் புட்டு, அரைச் சுண்டு. வல்லாரைச் சம்பல். பத்து மணிக்கு ஒரு பெயார்ஸ் பழம். மத்தியானம் சிவப்பரிசிச் சோறு ஒரு அகப்பை, மீன், ரெண்டு மரக்கறி. சோறு கூடக் கேட்டால் குடுக்கிறேல்லை. பின்னேரம் சீனி போடாத தேத்தண்ணி, கடலை. இரவு பயறு, இல்லாட்டிக் கீரையும் ஒரு முட்டையும்."

"வாவ், அன்ரி! சூப்பர் டயட்," என்று நிலாணி எழுதிக்கொண்டே போனாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "இப்பிடிச் சாப்பிட்டும் ஏன் சுகர் இவ்வளவு ஹை?"

"பிள்ளை," என்றேன். "உது என்ர சாப்பாடு."

பேனை நின்றது. எழுதிய வரிகளை ஒவ்வொன்றாகக் குறுக்கே வெட்டினாள்.

"அப்ப அன்ரி என்ன சாப்பிடுறவ, அங்கிள்?"

சத்தம் கேட்டு அருள்நாயகி கண்ணைத் திறந்தாள். அவளும் என்னைத்தான் பார்த்தாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. கேட்ட கேள்விக்கு நான் சரியான பதிலைச் சொல்லிவிடுவேன் என்று நம்பிக்கொண்டு பார்த்தாள்.

"அங்கிள்?" என்றாள் நிலாணி.

முப்பத்தொரு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். நான் வாயைத் திறந்தேன். காலைச் சாப்பாட்டுக்குக்கூட எனக்குப் பதில் தெரியவில்லை.