ஸ்வெட்டருக்குள் நூர் அகமது

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு வெயில் நாளில் கிடைத்தது. ஊட்டி பஜாரில் எல்லோரும் கம்பளியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடக்க, ஸ்வெட்டர் கடைக்காரர் ஒருவர் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் ஒட்டிப்போயிருந்தது. அவரிடம் நான் பேசவில்லை. மற்றதெல்லாம் கற்பனை, நூர் அகமது என்ற பெயர் உட்பட.

2

'கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்த அன்று மலையே...'

சே! மலை என்ன செய்யும்? அது பாட்டுக்கு நிற்கும். அடித்துவிட்டேன்.

அமீனாவிடமிருந்து தொடங்குவதுதான் சரி. கணவர் நூர் அகமதுவின் நோய் தெரிந்ததிலிருந்து ஊட்டி காந்தல் பகுதியிலுள்ள வீட்டில் அவள் அடுப்பு ஓயவில்லை. ஆட்டுக்கால் சூப், முட்டை, நெய்ச்சோறு. அவரும் மறுக்காமல் சாப்பிட்டார். உடம்பு அப்படியே இருப்பதாகத்தான் அவளுக்குப் பட்டது. இளைக்க இளைக்க, கடையிலிருந்து இன்னொரு ஸ்வெட்டரை எடுத்து அவர் உள்ளே போட்டுக்கொண்டது அவளுக்குத் தெரியாது.

(பெண்டாட்டிக்குத் தெரியாமலா என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். இந்தக் குளிரில் ஸ்வெட்டரோடு படுப்பவரை யாரும் விசேஷமாகப் பார்ப்பதில்லை. பார்க்கப் பயமாகவும் இருந்திருக்கும், பாவம்.)

3

குளியலறையில் அவர் தடுமாறியபோது அமீனா ஓடிப்போய்ப் பிடித்தாள். ஸ்வெட்டர் இல்லாமல் வெறும் சட்டையிலிருந்த அவரது புஜத்தைச் சுற்றிய அவள் விரல்கள் ஒன்றையொன்று தொட்டன.

"யா அல்லா! நான் ஆக்கிப் போட்டதெல்லாம் எங்கீங்க போச்சு?"

அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "எங் கையில பரக்கத் இல்லாமப் போச்சு, ஆக்குனது எதுவும் ஒடம்புல ஒட்டல. நாந்தான் இவர இப்பிடி ஆக்கிப்போட்டேன்."

4

அவள் கேள்விக்குப் பதில் உண்டு. பட்டினியால் இளைப்பது வேறு, இது வேறு. கட்டியும் அதை எதிர்க்கும் உடம்பின் காவல் செல்களும் ரத்தத்தில் சில புரதங்களைத் தூதாக அனுப்புகின்றன. அதைக் கேட்ட தசைச் செல், தன் நல்ல புரதத்துக்கே 'கழிவு' என்று சீட்டு ஒட்டுகிறது. சீட்டு விழுந்ததை உள்ளிருக்கும் எந்திரம் நறுக்கிப்போடுகிறது. புதிதாகக் கட்டும் வேலையும் மந்தமாகிறது. சூப் அதை நிறுத்தாது.

இது மகள் ஷாயிஸ்தாவுக்குத் தெரியும், கோவைக் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறாள். சொன்னால் அம்மாவின் குற்றவுணர்ச்சி போகும். ஆனால் நாளைக் காலையில் எதற்காக அவள் அடுப்பைப் பற்றவைப்பாள்? இந்த இடத்தில் நான் வெகுநாள் நின்றுவிட்டேன்.

5

அப்பாவைப் பார்க்க வந்த ஷாயிஸ்தா சொல்லாமல் கோவைக்கு பஸ் ஏறுவதாக ஒரு முடிவு எழுதினேன். கோழைத்தனம். கிழித்துவிட்டேன்.

சொன்னாள். "அம்மா, சோத்துல குறையில்லீங்க. நோவு அத்தாவோட தசைய உள்ளயே கரைக்குது. நீங்க எவ்வளவு ஆக்கிப் போட்டாலும் திரும்பாதுங்க."

அமீனா சூப் டம்ளரோடு வாசற்படியில் நின்றாள். "அப்ப நான் என்னதான் பண்ணட்டும்?"

நூர் அகமது மேல் ஸ்வெட்டரைக் கழற்றினார். அடுத்ததையும் கழற்றினார். அவள் முழுதாகப் பார்த்தாள்.

"எனக்கு எறங்கல அமீனா. உனக்காவத்தான் தின்னேன். நீ ஒழுங்காத் தின்னு எத்தன நாளாச்சு? இங்க வந்து உக்காரு. அதைய நீ குடி, நான் பாக்கறேன்."

6

இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. டம்ளர் இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. அவருக்குக் கொடுப்பாளா, தானே குடிப்பாளா, நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள். ஊட்டிக் குளிரில் ஆட்டுக்கால் சூப் சட்டென்று உறைந்துவிடும்.