நாற்பதரை பவுண்டு

பிஷப் ஆம்ப்ரோஸ் மேடக்ஸின் வலது கை, 1961 மார்ச்சில், டல்லிவர் ஊர்ப் பருத்தி ஆலைத் தராசில் நாற்பதரை பவுண்டு நின்றது. கையின் சொந்த எடையைக் கழித்துவிட்டுச் சொல்கிற கணக்கு இது. அந்த வாரம் பருத்தி பவுண்டு முப்பத்துமூன்று சென்ட்டுக்குப் போனது. ஆலைக்காரர்கள் இரண்டையும் ஒரே பலகையில் எழுதிப்போட்டார்கள்.

கை எப்படி இவ்வளவு கனத்தது என்பது ஊருக்கே தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான். 1934-இல் நாற்பத்தைந்து வயதில் பிஷப்பாகி, முதன்முதலாக எங்கள் புனித ஆல்பன் ஆலயத்துக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்த வந்தார். பிஷப் தலையில் கைவைத்து ஜெபித்தால்தான் எங்கள் சபையில் ஒருவர் முழு அங்கத்தினர். வேறு யார் கைவைத்தாலும் செல்லாது. பீடத்துக்கு முன்னால் மரக்கிராதியோரம் ஆறு பிள்ளைகள் முழங்காலிட்டிருந்தார்கள். ஏழாவதாக, கடைக்கோடியில், அர்சூலா கெய்ன்ஸ். பீடத்து விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போட்டுத் தருகிறவள். ஆலயத்தில் அவள் ஒருத்திதான் கறுப்பி. அவள் துவைத்த துணி பீடத்தின்மேல் போகலாம், அவள் மட்டும் கிராதிப் பக்கம் வரக்கூடாது. எங்கள் நியாயம் அப்படி இருந்தது, வெட்கக்கேடு! பிஷப் ஆறு தலைகளில் கைவைத்தார். ஏழாவதன் முன் நின்று, முதல் பெஞ்சில் இருந்த சபைக் கமிட்டித் தலைவர் ராய்ஸ் டன்லவியைப் பார்த்தார். டன்லவி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிஷப் காற்றில் சிலுவை போட்டுவிட்டு நகர்ந்தார். மத்தியானம் டன்லவி வீட்டு விருந்தில் பொரித்த கோழியை எடுக்கப் போனவருக்குக் கை எழும்பவில்லை. ஒன்றரை பவுண்டு கூடியிருந்தது.

கெட்ட மனுஷன் இல்லை அவர். முப்பது மாவட்டத்தில் யார் மனதையும் நோகடிக்காமல் ஊழியம் செய்தார், அதுதான் வினையே. வருடத்துக்கு ஒருமுறை வருவார், அர்சூலா முழங்காலிடுவாள், அவர் தாண்டிப் போவார், ஒன்றரை பவுண்டு ஏறும். ஒருமுறை தாழ்வாரத்தில் அவளை நிறுத்தி, "உங்க ஆளுங்க கோயில் ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கேம்மா, அங்க வாயேன், மொத ஆளா உனக்குத்தான் வைப்பேன்" என்று கெஞ்சினார். "துணிய இங்கதான் தொவைக்கிறேன், பிஷப்பையா. முட்டியும் இங்கதான் போடுவேன்" என்று சொல்லிவிட்டு அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். இருபத்தேழு வருடம். கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட, குதிரைச் சேணம் தைப்பவனிடம் சொல்லித் தோலில் தூளி தைத்தார்கள். அவர் காரின் வலப்பக்கச் சக்கரங்கள் சீக்கிரம் தேய்ந்தன. இடது கையால் சாப்பிடக் கற்றுக்கொண்டார். ஆராதனையில் இரண்டு போதகர்கள் முழங்கையைத் தாங்கி, பிள்ளைகளின் முடியில் விரல்நுனி மட்டும் படும்படி இறக்குவார்கள். 1959-இல் பக்கத்து ஊரில் ஒரு போதகருக்குப் பிடி நழுவியது. கை ஞானஸ்நானத் தொட்டிமேல் விழுந்து பளிங்கு இரண்டாகப் பிளந்தது. நல்லவேளை, பிள்ளை யாரும் அடியில் இல்லை.

எழுபத்திரண்டு வயதானால் பிஷப் பதவி விட்டு இறங்க வேண்டும் என்பது சபைச் சட்டம். 1961 ஏப்ரலில் அவர் எங்கள் ஊருக்கு வந்தது கடைசி முறை. அதற்குப் பிறகு அவர் கைக்கு அதிகாரமில்லை, கனம் மட்டும் மிச்சமிருக்கும். அதோடுதான் குழிக்குள் போக வேண்டும். டன்லவி, பிஷப் அங்கி மாற்றும் உடையறைக்கே வந்து, "அவளுக்குன்னா போதகருங்க கையத் தாங்க மாட்டாங்க. வச்சீங்கன்னா அவ கழுத்து ஒடிஞ்சிரும் ஐயா. கொலைக் கேசு. யோசிச்சுக்கோங்க" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

அன்று நான்கு பிள்ளைகள். ஐந்தாவதாக அர்சூலா. பெண்கள் எல்லாரும் தொப்பியோடு வந்திருக்க, அவள் தலையில் துணியைச் சுருட்டி வளையமாக வைத்திருந்தாள். இது என்ன கோலம் என்று பின்பெஞ்சில் சிரித்தார்கள். நான்கு தலைகள் முடிந்தன. பிஷப் நகரவில்லை. டன்லவி தொண்டையைச் செருமினார். இரண்டு போதகர்களும் முழங்கையை விட்டு விலகினார்கள். கை தொம்மென்று கிராதியில் விழுந்து கட்டை விரிசல் விட்டது.

பிஷப் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது, வியர்வை மூக்கில் வழிந்தது.

"அர்சூலா, என்னால தாங்கிப் பிடிக்க முடியாது. விழுந்துரும். எந்திரிச்சுப் போயிரும்மா."

"போடுங்க."

"செத்துருவே!"

"பதிமூணு வயசுலேர்ந்து இந்த ஊர் அழுக்கு பூரா இந்தத் தலையிலதான் போகுது, பிஷப்பையா. ஈர மூட்டை அறுபது பவுண்டு வரும். உங்க நாப்பதரை எனக்கு எம்மாத்திரம்? சும்மாடுகூடக் கட்டிட்டு வந்திருக்கேன். நேரா மட்டும் வைங்க."

அவர் அழுதார். வாய்விட்டு, எல்லார் முன்னாலும். பிறகு இடது கையை விட்டார்.

கை இறங்கியது. அவள் முழங்காலுக்கடியில் பலகை கிறீச்சிட்டது. கழுத்து ஒரு விரற்கடை தாழ்ந்து, மெல்ல நிமிர்ந்து, நின்றது. பிஷப் ஜெபத்தை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். ஆமென் என்று கையை எடுத்தபோது அது யார் கையையும் போல எழும்பி வந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அர்சூலா எழுந்தாள். கனம் அவள் தலையிலேயே இருந்தது. நடக்க நடக்கத் தரை முனகியதில் எல்லாருக்கும் விளங்கியது. முதல் பெஞ்சருகே நின்று, "கொஞ்சம் நகருங்க, டன்லவி ஐயா. இது என்னுது இல்ல" என்றாள். டன்லவி நகர்ந்தார், வேறென்ன செய்வார்? அவள் தலையைச் சாய்த்து, ஒற்றைக் கையால் அணைத்து, மூட்டையை இறக்குவதுபோல் அவர் இடத்தில் இறக்கிவைத்தாள். பெஞ்சின் வலதுகால் தரைக்குள் இரண்டு அங்குலம் இறங்கியது. அவள் சும்மாட்டை உதறி மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டாம் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

பிஷப் இன்னும் ஒன்பது வருடம் உயிரோடு இருந்தார். வலது கையால்தான் சாப்பிட்டார். தச்சர்கள் இரண்டுமுறை பெஞ்சுக்கு ஆப்பு வைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். டன்லவியின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதில்தான் உட்காருகிறார்கள், வலதுகாலை ஊன்றிக்கொண்டு.