கிம்பாலில் ஏழு கோயில்கள்

"இடப்பக்கம் தொங்குது பாரு. இழு, இன்னும் கொஞ்சம் இழு!"

தெருவில் நின்று தியா நெனிதா கைகாட்ட, ரெனான்டே ஏணியின் உச்சியில் பேனர் கயிற்றை இழுத்துக் கட்டினான். தியா என்றால் சித்தி, அவன் அம்மாவின் தங்கை. பக்கோலோடிலிருந்து காலைப் படகில் வந்து இறங்கியவள், அழுவதற்கு முன்னால் அக்குளில் இடுக்கி வந்த அந்தச் சுருளைத்தான் நீட்டினாள். கல்யாணத்துக்கும் பேனர், பரீட்சையில் தேறினாலும் பேனர் என்று ஆகிவிட்ட ஊரில் சாவை மட்டும் விட்டுவைப்பார்களா? உள்ளே கூடத்தில் அம்மா பெட்டிக்குள் படுத்திருந்தாள். மதியம் அடக்கம்.

கீழ் மூலையைக் கட்ட இறங்கியபோதுதான் அவன் அதைப் படித்தான்.

மேலே அம்மாவின் படம். அதன் கீழே கொட்டை எழுத்தில், ‘நோயுற்ற தாய்க்காக மகன் ரெனான்டே ஏழு கோயில்களில் செய்த செபங்கள்.’ அதற்கும் கீழே, நெஞ்சு உயரத்தில், ஒரே வரிசையாக ஏழு கட்டங்கள். அவன் போனில் எழுதிய குறிப்புகளை அப்படியே படம் பிடித்து அச்சடித்திருந்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது, எழுதிய இடம். முதலாவதில் ‘கிம்பால் ஆலயம்’. இரண்டாவதில் ‘மிலாக்ரோஸ் வீடியோகே, கிம்பால்’. மூன்றாவதிலும் அதுவே. ஏழாவது வரைக்கும் அதுவே.

கயிறு கையிலிருந்து நழுவியது.

ஏழு கோயில் அம்மாவின் நேர்ச்சை. பெரிய வெள்ளி வந்தால் ஏழு ஊர்க் கோயில்களுக்கும் போய் முழங்காலிட்டுவிட்டு வந்துதான் பச்சைத் தண்ணீர் குடிப்பாள். சிறுநீரகம் கெட்டுக் கால்கள் வீங்கிப் படுத்துவிட்டதால் இந்த வருஷம் மகனைப் போகச் சொன்னாள். மூன்று சக்கர வண்டி ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு அது ஒரு நாள் சவாரி. சரி என்றான். புறப்படும்போது அக்கா அனலின் அவன் போனை வாங்கி எதையோ அழுத்திவிட்டுக் கொடுத்தாள்.

"கோயிலுக்குக் கோயில் ஒரு செபம் எழுதி, தியா வரைக்கும் எல்லாரும் போன்ல பாக்கிற நம்ம குடும்பக் குறிப்புல போடு, தோதோ. நீ எங்கிருந்து எழுதுறியோ அந்த இடம் தானா கீழ வந்துடும். நானாய் படுத்தபடியே உன்கூட வர்ற மாதிரி இருக்கும்ல."

அவர்கள் பேச்சில் அம்மா நானாய், அக்கா மனாங், தம்பி தோதோ. அவன் உம் கொட்டினான். காதில் வாங்கவில்லை.

முதல் கோயிலில், உள்ளூர்க் கிம்பால் ஆலயத்தில், அவன் முழங்காலிட்டது நிஜம். அழுததும் நிஜம். வெளியே வந்தால் சிநேகிதன் பொயெட் நிற்கிறான். மைக் பிடித்துப் பாடிக்கொண்டே குடிக்கிற மிலாக்ரோஸ் வீடியோகே கடையில், பெரிய வெள்ளி என்பதால் பாட்டை நிறுத்தியிருந்தார்கள், கொல்லைப்பக்கம் கள்ளை நிறுத்தவில்லை. ஒரே ஒரு குவளை என்று உட்கார்ந்தவன் வெயில் தாழும்வரை எழவில்லை. அவ்வப்போது போனை எடுத்து, அடுத்த கோயிலின் பெயரைப் போட்டு, ஒரு செபம் எழுதினான். ஐந்தாவதுக்கு வார்த்தை வரவில்லை. பொயெட் ஏப்பம் விட்டுக்கொண்டே சொல்லச் சொல்ல எழுதினான்.

அன்று இரவு அம்மா அவனைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தலையைத் தடவினாள். கள் வாடை அடிக்கக் கூடாதே என்று அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். மறுநாள் விடியும் முன்பே அவள் போய்விட்டாள்.

"என்னடா முழிக்கிற? நல்லாருக்குல்ல?" என்றாள் தியா நெனிதா.

"கழட்டிடலாம் தியா. காத்து அடிக்குது, கிழிஞ்சுடும்."

"எந்தக் காத்து? இலைகூட அசையல. அடக்கமா இருக்க வேண்டியதுதான், அதுக்காக இப்படியா? எம் பிள்ளைங்க இருக்கானுங்களே, எனக்காக ஒரு கோயில் படி ஏறுவானுங்களா?"

"நீங்க முழுசாப் படிச்சீங்களா?"

"ஆபரேஷன் பண்ணின கண்ணு எனக்கு. பெரிய எழுத்துதான் தெரியும். செபம் ஏழும் வந்திருக்கா? அது போதும்."

துக்கத்துக்கு வந்தவர்கள் கோழிக்கஞ்சிக் கிண்ணத்தோடு பேனர் பக்கம் வரத் தொடங்கினார்கள். அடுத்த வீட்டுப் பெரியவர் நோங் செலோ முதல் கட்டத்தை உதடு அசையப் படித்தார். தலையாட்டிக்கொண்டார். இரண்டாவதுக்கு நகர்ந்தார், மூன்றாவதுக்கு நகர்ந்தார், திரும்ப இரண்டாவதுக்கு வந்தார். பிறகு அவர் ரெனான்டேயைப் பார்க்கவில்லை, கிண்ணத்தைப் பார்த்தார்.

"கஞ்சி நல்லாருக்கு, தோதோ" என்றார்.

அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் இன்னும் தேவலை. அடுத்து வந்த இரண்டு பெண்கள் படித்தார்கள், ஒருத்தி மற்றவளின் முழங்கையை இடித்தாள், இருவரும் செபமாலையோடு உள்ளே போனார்கள். ரெனான்டேக்குக் காது மடல் வரை எரிந்தது. இருபத்தெட்டு வயது ஆள், பெற்றவள் சாகக் கிடந்தபோது ஊரையும் சாமியையும் ஏமாற்றிவிட்டு, அதை வாசலில் தானே ஏணி வைத்துக் கட்டியிருக்கிறான்.

கொல்லையில் அனலின் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். அவன் போய் நின்றான்.

"மனாங், பேனரைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"ரெண்டாவது குறிப்பு வந்தப்பவே தெரியும்."

"நானாய்க்கு?"

அனலின் அகப்பையை ஓரத்தில் தட்டினாள். "அவங்களுக்குப் போன்ல படிக்க முடியுமா? நான்தான் படிச்சுக் காட்டினேன். ஒவ்வொண்ணுக்கும், இப்ப எங்க இருக்கான், கீழ என்ன போட்டிருக்குன்னு கேட்டாங்க. இக்பராஸ் கோயில்னேன். மியாகாவ்னேன். மலைரோடாச்சே, பாத்து ஓட்டச் சொல்லுன்னாங்க. சொல்லிட்டேன்னு சொன்னேன். அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, பெரிய வெள்ளி அதுவுமா, ஆறு பொய் சொல்லியிருக்கேன் நான்."

அவன் குனிந்து அடுப்பு விறகை உள்ளே தள்ளினான்.

"அந்த அஞ்சாவது செபம் இருக்கே, அதை ரெண்டு தரம் படிக்கச் சொன்னாங்க. எம் பிள்ளைக்கு இப்படியெல்லாம் பேச வருதான்னு அழுதாங்க" என்றாள் அனலின்.

அது பொயெட் சொன்னது என்று அவன் சொல்லியிருக்கலாம். அம்மா கடைசியாகப் பெருமைப்பட்ட விஷயம் ஒரு குடிகாரனின் உளறல் என்பதை இனி யாரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"மன்னிச்சுடு, மனாங்."

"எங்கிட்டக் கேக்காத. போ, அங்க தட்டெல்லாம் கிடக்கு, எடு."

அவன் தட்டை எடுக்கவில்லை, கத்தியை எடுத்தான். கயிற்றை அறுத்துவிட வேண்டியது, தியா என்ன கத்தினாலும் கத்தட்டும் என்று வாசலுக்கு நடந்தான். போனால் பெட்டியை வெளியே கொண்டுவந்துவிட்டிருந்தார்கள். மூடுவதற்கு முன் குடும்பப் படம் எடுக்க வேண்டுமே. வேறெங்கே வைப்பாள் தியா, பேனருக்கு நேர் முன்னால்தான் பெஞ்சு போட்டிருந்தாள். படம் எடுப்பவர் தெருவில் தயாராக நின்றார். அம்மாவின் தலைமாட்டில் கத்தியோடு நிற்க முடியுமா? சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

"எல்லாரும் வாங்க! செபத்தை மறைக்காம ரெண்டு பக்கமும் பிரிஞ்சு நில்லுங்க. நீ நடுவுல வா, ரெனான்டே."

அவன் நடுவில் வரவில்லை. கோடியில் போய், ஏழாவது கட்டத்தின்மேல் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். மீதி ஐந்தை என்ன செய்வது? சாகும்வரைக்கும் ஒவ்வொருத்தர் வீட்டுச் சுவரிலும் அந்தப் படம் தொங்கும்.

அனலின் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சொந்தக்காரர்கள் நின்ற பக்கம் போகாமல், நேராக வந்து இரண்டாவது கட்டத்தின் முன்னால் நின்றாள். அவள் நின்ற இடத்தைப் பார்த்த நோங் செலோ கிண்ணத்தைத் திண்டில் வைத்துவிட்டு மூன்றாவதின் முன்னால் வந்தார். செபமாலைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி நாலாவதுக்கும் ஒருத்தி ஆறாவதுக்குமாகப் பிரிந்து வந்தார்கள். வாசலுக்கு வெளியிலேயே தயங்கிக்கொண்டிருந்த பொயெட், தொப்பியைக் கழற்றி, தலையைத் தொங்கப் போட்டபடி வந்து அவர்களுக்கு நடுவில் நுழைந்து நின்றான்.

"அட, நகருங்கப்பா! செபம் ஒண்ணும் தெரியல!" தியா நெனிதா கத்தினாள்.

யாரும் நகரவில்லை.

"முதல் கட்டம் மட்டும் தெரியுது" என்றார் படம் எடுப்பவர். "கிம்பால் ஆலயம்."

"அது தெரிஞ்சாப் போதும். எடு" என்றார் நோங் செலோ.