பதினெட்டு அடி, நான்கு படி

பத்து நிமிடத் தொடர்களுக்கான சிறந்த ஒளிப்பதிவு விருது எனக்குத்தான் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அதனால் என் மைத்துனன் மதியமே அரங்கத்துக்குப் போய், என் இருக்கையிலிருந்து மேடைவரை டேப் பிடித்து அளந்துவிட்டான். படப்பிடிப்பில் நடிகர் நிற்கும் தூரத்தை அளந்து, படம் மங்காமல் எனக்கு ஃபோகஸ் பார்ப்பவன் அவன்தான். என் கண்கள் மங்கி ஒன்றரை வருடமாகிறது. அது வெளியே தெரிந்தால் இருவர் பிழைப்பும் போயிற்று.

“பதினெட்டு அடி மாமா, அப்புறம் நாலு படி. எண்ணிக்கிட்டே நடங்க.”

“எந்தக் காட்சிக்குடா விருது?”

“நான் காய்ச்சல்ல படுத்திருந்தப்ப நீங்களா எடுத்தீங்களே, அதுக்கு. அழுறவ முகத்தை மங்கலா விட்டது மேதைத்தனமாம்.”

“அப்படின்னா நீ அடிக்கடி படுத்துக்க.”

பதினெட்டு அடி சரியாக வந்தது. படியும் நான்குதான். நடுவர் நீட்டும் கையைத்தான் யாரும் அளந்து வைக்கவில்லை. அதற்கு ஒரு முழம் தள்ளி, வெறும் காற்றைப் பிடித்துக் குலுக்கினேன். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. கோமாளி என்று பெயரெடுத்தவன் ஆயிற்றே நான், வேண்டுமென்றே செய்ததாக நினைத்துவிட்டார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

இறங்கியதும் மைத்துனன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

“எல்லாரும் சிரிச்சாங்கல்ல?”

“சிரிச்சாங்க மாமா. நாளைக்குப் புதுத் தொடருக்கு நம்மகிட்ட கையெழுத்து வாங்க இருந்தாரே, அந்தத் தயாரிப்பாளர் மட்டும் சிரிக்கல. உங்க கண்ணையே பாத்துக்கிட்டிருந்தார்.”