ரைகான் பெட்டி தூக்கிய நாள்

ஜனவரியில் அல்மாத்தி நகரம் நிலநடுக்கத்தில் ஆடியதிலிருந்து அந்த ஒன்பது மாடிக் கட்டடத்தில் யாரும் செய்தியைப் பார்ப்பதில்லை, ரைகானைத்தான் பார்க்கிறார்கள். அவள் நிலநடுக்க ஆய்வு நிலையத்தில் வேலை பார்ப்பவள். அவள் வீட்டு விளக்கு அணைந்தால்தான் மற்றவர்களுக்குத் தூக்கம் வரும். ஒருநாள் குப்பை கொட்ட இரண்டு பையோடு இறங்கிவிட்டாள், பாவி. மூன்றாம் மாடிக் குடும்பம் காரைக் கிளப்பிக்கொண்டு ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்துவிட்டது.

அவளும் எத்தனை முறைதான் சொல்வாள்! "நிலம் எங்க ஆடும்னு சொல்லலாம், எவ்வளவு பலமா ஆடும்னு ஓரளவு சொல்லலாம். என்னைக்குன்னு எவனாலயும் சொல்ல முடியாது." தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்கள். பிறகு அவள் காலைப் பார்ப்பார்கள், வீட்டுச் செருப்பா, வெளியே ஓடும் பூட்ஸா என்று.

இன்று பெட்டியைத் தூக்காமல் முடியாது. தராஸ் ஊரிலிருக்கும் மகள் அய்னாஷுக்கு அடுத்த வாரம்தான் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மத்தியானமே வலி கண்டுவிட்டது. தலைப்பிரசவம். சாயங்கால ரயிலை விட்டால் மறுநாள்தான் அடுத்தது.

"பெட்டியைக் கயித்துல கட்டி ஜன்னல் வழியா இறக்கிடவா?" என்றார் புருஷன் ஜூமாபெக்.

"சும்மா இருங்க. வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க."

ஏழாம் மாடியிலிருந்து படியில் இறங்க இறங்க, பின்னாலேயே கதவுகள் திறந்தன. அவள் முற்றத்துக்கு வருவதற்குள் போர்வை, பிள்ளை, கிளிக்கூண்டு என்று பாதிக் கட்டடம் பனியில் நின்றது. எதிர்வீட்டு ஜெய்னெப் வழியை மறித்துக்கொண்டாள்.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க?"

"மகளுக்குப் பிரசவம்மா."

"அடுத்த வாரம்னுதானே சொன்னீங்க?"

"இப்பவே வலி வந்திருச்சு."

"ஆமாமா. சனங்க பதறக் கூடாது, பிரசவம்னு சொல்லிக்கோன்னு ஆபீசுல சொல்லிக் குடுத்திருப்பாங்க."

ரைகானுக்குக் கோபம் வந்துவிட்டது. கைப்பேசியை எடுத்து மகளை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி நீட்டினாள்.

"எங்கேம்மா இருக்கே? இன்னும் வாசல்ல நின்னு கதை பேசுறியா? உனக்கு ஊருதான் முக்கியம், நான்..." அதற்கு மேல் பேச்சில்லை. ஒரே அலறல்.

நாலு பெற்ற ஜெய்னெப்புக்குக் கண் கலங்கிவிட்டது.

"டாக்டர் அடுத்த வாரம்னாரே?"

"வரும்னு தெரியும் ஜெய்னெப். என்னைக்குன்னுதான் தெரியாது."

"அதுசரி. என் மூணாவது பய பஸ்சுலயே பொறந்தான்." ஏதோ உறைத்ததுபோல் தன் காலடி நிலத்தை ஒருமுறை பார்த்தாள். "இதைத்தான் இத்தனை நாளா சொன்னீங்களா?"

"இதைத்தான்மா."

"சரி, போயிட்டு வாங்க. ஆனா அண்ணன் இங்கேயே இருக்கட்டும்."

"நான் என்ன அடகு வச்ச நகையா?" என்றார் மேலே ஜன்னலிலிருந்து ஜூமாபெக்.

"விளக்கைப் போட்டு அங்கேயே உக்காருங்கண்ணே. உங்களைப் பார்த்துக்கிட்டே நாங்க கண்ணை மூடிடுவோம்."

சிரிப்புக்கிடையே யாரோ பெட்டியை வாங்கி டாக்சியில் வைத்தார்கள். ரைகானும் சிரித்தாள்.

ரயில் ஒரு குலுக்கலோடு கிளம்பியபோது சிரிப்பு போய்விட்டது. எதிர்ப் பயணியின் தேநீர்க் கிண்ணம் கிணுகிணுத்தது. அவள் கை தானாகவே கம்பியைப் பிடித்தது. புருஷனை ஏழாம் மாடியில், நிலம் ஆடாது என்பதற்குச் சாட்சியாக உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறாளே, எந்த தைரியத்தில்? அவளுக்குப் பயமாக இருந்தது. உடனே அவரை அழைத்தாள்.

"அய்னாஷ்?" என்றார் அவர் எடுத்ததுமே.

"இன்னும் ஆகலையாம். சாப்பிட்டீங்களா?"

"ஜெய்னெப் பலகாரம் பொரிச்சுக் கொண்டாந்திருக்கா, இங்கதான் நிக்கிறா. ஒவ்வொரு வீடா வந்து என்னைப் பார்த்துட்டுப் போகுது. கல்யாணப் பொண்ணு மாதிரி உக்காந்திருக்கேன்."

"பூட்ஸைக் கதவுகிட்ட வச்சுக்குங்க. போட்ட துணியோடயே படுங்க."

பூட்ஸைக் கதவுகிட்டயா என்று அவர் உரக்கவே கேட்டுவிட்டார்.

"உனக்கு ஏதாவது தெரியுமா, ரைகான்?"

"ஒண்ணும் தெரியாது."

"பின்னே ஏன் சொல்றே?"

"தெரியாததாலதாங்க சொல்றேன்."

மறுமுனையில் தட்டு ஒன்று விழுந்தது. அடுத்து, மாடிப்படியே அதிரும்படி ஜெய்னெப்பின் குரல் கேட்டது: "பூட்ஸைக் கதவுகிட்ட வைங்க! அக்கா சொல்லிட்டாங்க! எல்லாரும் பூட்ஸைக் கதவுகிட்ட வைங்க!"

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறப்பது ரயில் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ரைகான் குனிந்து தன் காலைப் பார்த்தாள். எதிரிலிருந்தவர் எப்போதோ செருப்புக்கு மாறிப் படுத்துவிட்டார். அவள் மட்டும் பூட்ஸைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள்.